பாசிர் ரிஸ்காரியின் பேரம்

சிவதர்ஷினியோடு கடைக்குப் போவதை நான் நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. போனால் மானம் போகும். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் அவளுக்கு வேண்டியது முருங்கைக்காய் என்று வையுங்கள். முருங்கைக்காயைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். பாகற்காயை எடுப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், விலையைக் கேட்டுவிட்டு "அவ்ளோவா?" என்று நெஞ்சில் கை வைப்பாள். கடைக்காரர் தன் பாகற்காயின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போதே, போகிற போக்கில், "சரி, அந்த முருங்கைக்காயாவது குடுங்க, வந்துட்டு சும்மா போக வேணாம்னு கேக்குறேன்" என்பாள். பாதி விலைக்குப் பைக்குள் விழும். பக்கத்தில் நிற்கும் நான் கைப்பேசியில் ஏதோ முக்கியமான செய்தி வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

இதற்குச் சம்பளமும் வாங்குகிறாள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் வேலை. கையுறை, ஊசி, பஞ்சு, படுக்கை விரிப்பு எல்லாம் அவள் கையெழுத்து இல்லாமல் உள்ளே வராது. விற்க வருகிறவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி வருவார்களாம். போகும்போது கோட்டு கையில் இருக்குமாம். அலுவலகத்தில் இவளை ஏதோ பெரிய படிப்பெல்லாம் படித்து இந்த வித்தையைக் கற்றவள் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும். என் அத்தாவின் கடையில், என் அத்தாவை வைத்தே கற்றாள்.

என் பெயர் ருக்சார். அத்தா பெயர் ஒலி முகம்மது. தேக்கா மாடியில், தையல்கடைகளுக்கு நடுவே, இரண்டு ஆள் நின்றால் மூன்றாம் ஆள் மூச்சுவிட முடியாத ஒரு கடை வைத்திருந்தார். குடை, பூட்டு, பள்ளிப்பை, பிளாஸ்டிக் பொம்மை. இதோடு, தொண்ணூறுகளில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்திருந்த அந்த வருடத்தில், கால்பந்து அட்டையும் விற்றார்.

அட்டைகளை ஒரு பிஸ்கட் கம்பெனி போட்டது. நம் அணி, மலேசிய மாநில அணிகள், எல்லா ஆட்டக்காரர்களும் ஆளுக்கொரு அட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். சிலது மட்டும் பளபளக்கும். அட்டைகள் வருகிற உறை மூடியிருக்கும். உள்ளே யார் இருக்கிறார் என்று பிரித்தால்தான் தெரியும். அட்டைகளை ஒட்ட ஒரு ஆல்பமும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் ஆல்பத்தை நிரப்பி அனுப்புகிற பிள்ளைகளைக் கல்லாங் மைதானத்துக்கு அழைத்துப்போய், ஆட்டம் தொடங்குமுன் ஆட்டக்காரர்களோடு புல்லில் நிற்க வைப்போம் என்று கம்பெனி அறிவித்தது. அவ்வளவுதான், ஊரில் ஒரு பிள்ளையும் பாடம் படிக்கவில்லை.

மற்ற கடைகளில் உறையை விற்பார்கள், கதை முடிந்தது. அத்தா ஒரு படி மேலே போனார். பிள்ளைகளிடம் இரண்டு இரண்டாகச் சேர்ந்துவிட்ட அட்டைகளை வாங்கிக்கொண்டு வேறு அட்டை கொடுப்பார். இரண்டுக்கு ஒன்று என்பது கணக்கு. அதற்குச் சட்டதிட்டங்கள் வேறு. உறையைத் தடவிப் பார்க்கக் கூடாது. தடவினால் வாங்க வேண்டும். மூலை மடங்கிய அட்டை செல்லாது. அழுதால் வியாபாரம் கிடையாது. சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை, யார் வந்தாலும் அவரவர் மொழியிலேயே மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவர் அத்தா. ஆனால் கடைக்காரர் மகளான எனக்கு ஒரு அட்டைகூடக் கிடையாது. கடைச் சரக்கு வீட்டுக்கு வரக் கூடாதாம்.

சிவதர்ஷினி வந்தது சனிக்கிழமைகளில். அவள் வீடு பாசிர் ரிஸ்ஸில். சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு வாத்தியாரிடம் வயலின் படிக்க அவளுடைய அப்பா ரயிலில் டோபி காட் வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கூட்டிவருவார். வகுப்பு முடிந்ததும் மகள் தேக்கா வாசலில் வந்து நிற்க வேண்டும், அப்பா கீழே சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார் என்று ஏற்பாடு. வாத்தியார் எப்போதும் கொஞ்சம் முன்னதாகவே விட்டுவிடுவார். அந்த இடைவெளியில்தான் எங்கள் கடைப் படியில் வயலின் பெட்டி ஒன்று தடதடவென்று ஏறிவரும்.

ஒல்லி. இரட்டைப் பின்னல். என் வயதுதான், ஆனால் நாற்பது வயதுக்காரியின் முகம். முதல் நாள் அவள் செய்ததை நான் பொம்மைப் பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், அந்த நாலாம் நம்பர் எப்படி?"

"ரெண்டுக்கு ஒண்ணு. எல்லாருக்கும் அதான்."

"அதுல கீறல் இருக்கே."

"எங்க?"

"இருக்கு லா. லைட்டுல காட்டிப் பாருங்க."

அத்தா அட்டையைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கி, கண்ணாடியை ஏற்றி, இப்படியும் அப்படியும் திருப்பினார். கீறல் இருந்தால்தானே தெரியும்? அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் பக்கத்திலிருந்த வேறொரு அட்டையை எடுத்துத் தன் அட்டை ஒன்றை அந்த இடத்தில் வைத்தாள்.

"சரி, கீறல் அட்டை வேணாம் அங்கிள். இத எடுத்துக்குறேன். ஒண்ணுக்கு ஒண்ணு."

"யாரு சொன்னா ஒண்ணுக்கு ஒண்ணுன்னு?"

"கீறல் இருக்கிற அட்டைய மத்தவங்ககிட்ட சொல்லாம இருக்கேன்ல?"

அத்தா அந்த அட்டையை மறுபடி விளக்குக்கு நேரே தூக்கினார். அதற்குள் அசர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள் என்று எங்களுக்கு அடுத்த வாரம்தான் புரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பாசிர் ரிஸ்காரி பேச்சுத்தான். "இன்னைக்கு என்ன பண்ணா தெரியுமா அந்தப் பாசிர் ரிஸ்காரி?" என்று அத்தா ஆரம்பித்தால் உம்மா சோற்றுக் கரண்டியோடு நின்று கேட்பார். திட்டுகிற மாதிரித்தான் சொல்வார். ஆனால் குரலில் ஒரு பெருமை. நான் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட அந்தக் குரல் எனக்குக் கிடைத்ததில்லை. எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "நீ பொண்ணுதானே, உனக்கு எதுக்கு புட்பால்?"

அவள் கோபப்படவில்லை. அவர்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பையன்கள் பந்து விளையாடுவார்களாம். இவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். பந்து சாக்கடையில் விழுந்தால் மட்டும் கூப்பிடுவார்களாம், எடுத்துத் தர. "நான் கல்லாங் புல்லுல நிப்பேன். அவனுங்கள்ல ஒருத்தனும் நிக்கமாட்டான்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் பேரம் பேசுகிற குரலில் சொல்லவில்லை.

ஆவணி முடிவதற்குள் அவள் ஆல்பத்தில் ஒரே ஒரு இடம்தான் காலி. நம் அணியின் கோல்கீப்பர். அந்த அட்டை ஊரில் யாருக்கும் அகப்படவில்லை. உறையை உறையாகப் பிரித்த பிள்ளைகளுக்கெல்லாம் வலது பக்கப் பாதுகாப்பு ஆட்டக்காரர்தான் திரும்பத் திரும்ப வந்து இளித்தார். கோல்கீப்பர் இருந்தது எங்கள் கடையில். மேசைக் கண்ணாடிக்கு அடியில், எல்லோர் கண்ணிலும் படும்படி, கைகளை விரித்துக்கொண்டு நின்றார். விற்பனைக்கு இல்லை. பளபளக்கும் அட்டையாக ஒரு பெரிய கட்டு கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதுதான் அத்தாவின் நிபந்தனை.

"கொஞ்சம் கொறைங்க அங்கிள்."

"கோல்கீப்பர்ல கொறைக்க ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா கட்டோட வா."

அவள் செய்யாத தந்திரம் இல்லை. பக்கத்து அட்டையைக் கேட்டுப் பார்த்தாள். கோபித்துக்கொண்டு படியில் இறங்கிப்போய்த் திரும்பி வந்தாள். வயலினில் ஒரு கீர்த்தனை வாசிக்கவா என்றுகூடக் கேட்டாள். பக்கத்துத் தையல்காரர் வடிவேலு, "பாய், குடுத்துத் தொலைங்க, வாசிச்சிடப் போகுது" என்று கும்பிட்டார். அத்தா அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவள் கட்டுச் சேர்க்கத் தொடங்கினாள். பள்ளியில் மாற்றினாள், ரயிலில் மாற்றினாள், கோயில் பிராகாரத்தில் வைத்து மாற்றி அம்மாவிடம் குட்டு வாங்கினாள். சேர்த்ததையெல்லாம் வயலின் பெட்டிக்குள், வில்லுக்கு மெழுகு வைக்கிற அறையில் ஒளித்துவைத்தாள். ஆல்பம் பள்ளிப்பையின் அடியில் பத்திரமாக இருந்தது.

இங்கே அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பலவாணர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாகப் பேனா பிடித்த கை. காகிதம் என்றால் அவருக்குச் சாமி மாதிரி. காகிதம் நனையக் கூடாது, மடங்கக் கூடாது, மஞ்சள் பூக்கக் கூடாது. அதனால் எதைக் கண்டாலும் லேமினேட் செய்துவிடுவார். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, தேர்வு முடிவு, இவற்றைப் புரிந்துகொள்ளலாம். ரயில் வரைபடம், கோயில் பூசை நேரம், குளிர்பதனப் பெட்டியோடு வந்த உத்தரவாதச் சீட்டு, எல்லாம் அந்த வீட்டில் பிளாஸ்டிக்குக்குள்தான் இருந்தன. அவர் மனைவி வள்ளிநாயகி ஒரு இடத்தில் அசையாமல் நிற்காததால்தான் தப்பித்தார் என்று பிற்பாடு அத்தா சொல்வார்.

தீபாவளி நெருங்கிய ஒரு வார நடுவில் வயலின் பெட்டியைத் துடைக்கப் போன அம்பலவாணருக்கு அட்டைக் கட்டு கிடைத்துவிட்டது. வேறு அப்பாவாக இருந்தால் கத்தியிருப்பார். இவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிள்ளை ஒவ்வொரு அட்டையையும் மெல்லிய தாளில் சுற்றி, அணி வாரியாக அடுக்கி, மூலை மடங்காமல் வைத்திருந்தது. எழுத்தரின் நெஞ்சு உருகிப்போயிற்று. அட்டைகளை அலுவலகத்துக்கு எடுத்துப்போனார். மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, பிளாஸ்டிக் தாளைச் சொந்தமாக வாங்கி, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து அத்தனையையும் லேமினேட் செய்தார். தனித்தனியாகக் கூட இல்லை. ஒரு பெரிய தாளுக்கு இவ்வளவு என்று வரிசையாக அடுக்கி, அழுத்தி, சூடாக்கி, ஒட்டி.

வெள்ளிக்கிழமை மாலை மகள் கையில் கொடுத்து, எந்தக் கடையில் எதற்கு மாற்றப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டார். "இனி ஒரு காலமும் பழுதாகாது, பிள்ளை" என்றாராம். "நாளைக்கு நானும் அந்தக் கடைக்கு வாறன். நீ இப்பிடிக் கவனமாச் சேர்க்கிறதுக்கு இடம் குடுத்த மனிசனைப் பாக்கோணும்."

மறுநாள் வழக்கத்துக்கு முன்னதாகவே வயலின் பெட்டி படியேறி வந்தது. தடதடப்பு இல்லை. சிவதர்ஷினி பெட்டியைத் திறந்து, மினுமினுக்கும் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். அத்தா ஒன்றை எடுத்து வளைத்தார். அது டபக்கென்று நிமிர்ந்துகொண்டது.

"என்னம்மா இது?"

"அப்பா லேமினேட் பண்ணிட்டாரு அங்கிள்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது, அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. பிளாஸ்டிக்குக்குள் அத்தனை ஆட்டக்காரர்களும் மூச்சுமுட்டி நிற்கிற மாதிரி இருந்தது.

"இத நான் என்னம்மா பண்றது? பசங்க ஒண்ணு ஒண்ணாத்தான் மாத்துவாங்க. வெட்டினா பிளாஸ்டிக் பிரியும், அட்டையும் அதோட பிஞ்சு வரும். ஆல்பத்துலயும் ஒட்டாது. சரக்கு போச்சும்மா."

"தெரியும் அங்கிள். மாத்த வரல." தாள்களை மேசைமேல் ஒழுங்காக அடுக்கினாள். "அப்பா கீழ மார்க்கெட்ல இருக்காரு. இப்ப மேல வருவாரு, உங்கள பாக்கணுமாம். கெட்டுப்போச்சுன்னு மட்டும் அவருகிட்ட சொல்லாதீங்க. ஆபீஸ் முடிஞ்சு உக்காந்து பண்ணிருக்காரு. ரொம்ப சந்தோஷமா இருக்காரு அங்கிள். கோல்கீப்பர எடுத்து உள்ள வச்சிடுங்க. வேற யாருக்கோ குடுத்துட்டேன்னு சொல்லிடுங்க. எனக்கு அது வேணாம்."

வேணாம் என்று சொன்னபோது அவள் கண் கண்ணாடிக்கு அடியில்தான் இருந்தது. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. மறுபடி ஒரு கட்டுச் சேர்க்க நாளில்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும். எனக்குச் சட்டென்று அழுகை வந்தது. அவள்மேல் இருந்த எரிச்சல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அத்தா, குடுங்களேன் அத்தா என்று மனதுக்குள் கத்தினேன். அத்தா கோல்கீப்பரை எடுத்துக் கொடுக்கவும் இல்லை, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "பாக்கலாம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் படியில் பெரிய இருமல் கேட்டது. வடிவேலு கடையில் தொங்கிய ரவிக்கைகளை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் மரக்கறிப் பை, அதன் வாயில் வாழைப்பூ.

"வணக்கம். நான் அம்பலவாணர். சிவதர்ஷினியின்ர தகப்பன்."

"வாங்க சார், வாங்க. உக்காருங்க." அத்தா எழுந்தே நின்றுவிட்டார். வாடிக்கையாளருக்காக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. தாளைக் கையில் எடுத்தார். "இது நீங்க செஞ்சதா சார்?"

"ஓம். மூலையெல்லாம் வளைச்சு வெட்டியிருக்கிறன். சின்னப் பிள்ளையளின்ர கையில குத்தக் கூடாது பாருங்கோ."

அத்தா ஒரு மூலையை விரலால் தடவிப் பார்த்தார். மற்ற மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"அருமையான வேலை சார். நானும் எத்தனையோ வருஷமா இந்தத் தேக்காவுல இருக்கேன். இப்படி ஒரு சரக்கு என் கைக்கு வந்ததே இல்ல."

அதில் ஒரு சொல் பொய்யில்லை. பிறகு அவர் சிவதர்ஷினி பக்கம் திரும்பி, வழக்கமான கடுகடுப்போடு கேட்டார்: "சரி, என்ன கேக்குற இதுக்கு?"

அவள் விழித்தாள். என்னைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அந்த நாற்பது வயது முகம் மெல்லத் திரும்பி வந்தது.

"கோல்கீப்பர்."

"இந்தத் தாள் எல்லாத்துக்கும் சேத்தா?"

"எல்லாத்துக்கும் இல்ல. பாதிக்கு."

அத்தாவுக்குப் புரையேறிவிட்டது. பரிதாபப்பட்டுக் கயிற்றை வீசினால், பிடித்து ஏறுகிறவள் கயிறு போதாது என்கிறாள்!

"பாதியா? எம்மா, கோல்கீப்பர் இந்த ஊர்ல யாருகிட்டயும் இல்ல."

"லேமினேட் பண்ண அட்டையும் இந்த ஊர்ல யாருகிட்டயும் இல்ல அங்கிள். தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. டீ கொட்டினா தொடச்சிடலாம். சாதா அட்டை அப்படியா?"

அத்தா உதவிக்கு அம்பலவாணரைப் பார்த்தார். அவர் மகள் சொல்வது நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு வடிவேலுவும் வந்து நின்றார். விஷயம் தெரியாத அவர், "என்ன பாய், பிளாஸ்டிக்க பொறுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவைக்க, அத்தா அவர் காலை மிதித்தார்.

"இல்லம்மா, எல்லாத் தாளும் குடுத்தாத்தான் கட்டுப்படியாகும்."

"அப்ப ஒரு புது பாக்கெட் சேத்துக் குடுங்க."

"பாக்கெட்டா? எதுக்கு?"

"மூலைய வளைச்சதுக்கு."

அம்பலவாணர் கையை வாயில் வைத்து மறுபடி இருமினார். அத்தா ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணாடியைத் தூக்கி, கோல்கீப்பரை நகத்தால் பெயர்த்து எடுத்தார். அட்டை அவள் கைக்குப் போனது. புது உறையும் போனது. மேசைமேல் செல்லாத பிளாஸ்டிக் ஒரு கட்டு மிச்சம். அம்பலவாணர் இரண்டு கையையும் கூப்பி, "மெத்தச் சந்தோசம்" என்று சொல்லிவிட்டு மகளை முன்னால் விட்டு இறங்கிப் போனார்.

அவர்கள் போனதும் அத்தா விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "மூலையப் பாரு புள்ள, எப்படி வளைச்சிருக்காருன்னு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குத்தான் கோல்கீப்பர் குடுத்தேன். பாக்கெட் குடுக்கல. அது அவ அடிச்ச கொள்ளை" என்றார்.

அவள் கல்லாங்கில் நின்றாள். அன்று மழை. புல் சகதியாகிக் காலணி ஒன்று புதைந்துவிட, ஒற்றைக் காலில் நின்று கையசைத்தாளாம். பாசிர் ரிஸ் பையன்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்களா என்று தெரியாது, ஆனால் அடுத்த மாதம் இவளை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கே நிறுத்தினார்கள் என்றால், கோலில். அம்பலவாணரோ அதன்பிறகு எங்கள் கடைக்கு வாடிக்கையாக வந்தார். விலைப்பட்டியல், தொழுகை நேர அட்டவணை, வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும் என்ற அறிவிப்பு, உறையைத் தடவாதே என்ற எச்சரிக்கை என்று ஒவ்வொன்றாக எடுத்துப்போய்ப் பிளாஸ்டிக்குக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அத்தாவுக்கு வாய் வரவில்லை. நானும் அவளும் எப்படிச் சிநேகிதிகளானோம் என்று சரியாக நினைவில்லை. அவள் பின்னலை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன், அதற்குப் பிறகுதான்.

போன மாதம் அம்பலவாணருக்கு எண்பது. பாசிர் ரிஸ் வீட்டில் மரக்கறி விருந்து. நானும் அத்தாவும் போயிருந்தோம். அத்தா கடையை விட்டு ரொம்ப நாளாயிற்று. காது மந்தம், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. இலையில் பாயசம் வரும் நேரத்தில் திடீரென்று தொண்டையைச் செருமினார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத மனசுல வச்சுக்கிட்டு நான் கபுர்க்குழிக்குப் போகக் கூடாது."

எனக்குப் புரிந்துவிட்டது. சிவதர்ஷினிக்கும் புரிந்துவிட்டது. "அங்கிள், பாயசம் ஊத்தட்டா? இன்னும் கொஞ்சம்?" என்று கரண்டியோடு பாய்ந்தாள். நான் மேசைக்கு அடியில் அத்தாவின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு, "இரும்மா, பேசிட்டு இருக்கோம்ல" என்று தொடர்ந்தார். "அன்னைக்கு அந்த லேமினேட் அட்டை இருக்கே, அது ஒண்ணுக்கும் ஒதவாது சார். செல்லாது. ஒங்க மனசு கஷ்டப்படும்னு நானும் ஒங்க பொண்ணும் சேந்து பேசின பேச்சு அது."

அம்பலவாணர் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்."

"என்னது?"

"எனக்குத் தெரியும் பாய்" என்றார், கொஞ்சம் சத்தமாக. "மரக்கறி கெதியாய் வாங்கி முடிஞ்சுது. நான் முந்தியே ஏறி வந்திட்டன். அந்தத் தையல்கடைச் சட்டையளுக்குப் பின்னால நிண்டனான். எனக்கு அது வேணாம் எண்டு பிள்ளை சொன்னதைக் கேட்டனான்." நொறுங்கிய அப்பளத்தை விரலால் தள்ளினார். "திரும்பக் கீழ இறங்கிப் போய் நிண்டிட்டு, பிறகுதான் இருமிக்கொண்டு வந்தனான்."

அத்தா நாற்காலியை நகர்த்தி அவர் பக்கம் திரும்பினார். "அப்ப நான் பேசினதெல்லாம்?"

"நல்லாத்தான் கதைச்சனீங்கள். மூலை வளைச்சதுக்கு ஒரு பாக்கெட் எண்டு இவள் கேட்டாள் பாருங்கோ, அப்ப சிரிக்காமல் நிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"மூணு பேரும் சேந்து நடிச்சிருக்கோம். ஒரு பாக்கெட்ட பறிகுடுத்தது நான் மட்டுந்தானா?" என்று அத்தா என்னைப் பார்த்து முறையிட்டார். எல்லோரும் சிரித்தோம்.

சிவதர்ஷினி சிரிக்கவில்லை. அந்தப் பேரத்தைத் தன் வாழ்நாளின் முதல் வெற்றி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! அப்பாவை எவ்வளவு அழகாக ஏமாற்றினேன் என்பதும் அதில் ஒரு பாதி. கரண்டியிலிருந்து பாயசம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்பா சொல்லல? இவ்வளவு வருஷமா ஏம்பா சொல்லல?"

அம்பலவாணர் மகளை நிமிர்ந்து பார்த்தார். "நீ எனக்காக அந்த அட்டையை வேணாம் எண்டு விட்டனி. எனக்குத் தெரியும் எண்டு சொல்லியிருந்தால், நீ விட்டது வீணாப் போயிருக்குமே, அம்மா."

அவள் கரண்டியைக் கீழே வைக்காமலேயே அழுதாள். மூக்குச் சிவக்க, சின்னப் பிள்ளை மாதிரி, விருந்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் அழுதாள். இதை மட்டும் எழுதக் கூடாது என்று பிறகு என்னோடு எவ்வளவோ பேரம் பேசிப் பார்த்தாள். நான் இறங்கி வரவில்லை.